பேசாமல் முடிந்த பள்ளிக்கூட மீட்டிங்

"ஏன்டி, உனக்கு வேற சோலியே இல்லையா? பள்ளிக்கூட மீட்டிங் சேதி தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற? போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று எழுமலையிலிருந்து போனில் கேட்ட தங்கச்சியைத் திட்டினேன். திட்டிவிட்டு முழுக்கச் சொன்னேன். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுத்துக் கூட்டி இங்கேயும் எழுதுகிறேன்.

என் பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். அலங்காநல்லூர் போகிற வழியில் சின்னப் பள்ளிக்கூடம். மொத்தப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றினாலும் கண்டக்டருக்கு உட்கார இடம் இருக்கும். குவேக்கர் என்று ஒரு வகைக் கிறிஸ்தவர்கள் நடத்துவது. பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசாமல் இருப்பதுதான் அவர்கள் கும்பிடு. கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் மற்ற இடம் மாதிரிதான். அதோடு தச்சு வேலையோ தோட்டமோ சைக்கிள் ரிப்பேரோ, பிடித்த ஒன்றைப் படிக்கலாம். புதன்கிழமை காலையில் மட்டும் வகுப்பு கிடையாது. ஊருக்கு உதவியாக ஏதாவது செய்யப் போக வேண்டும். அதுவும் படிப்பில் சேர்த்தியாம்.

கண்மாயில் பிளாஸ்டிக் பொறுக்கலாம், அங்கன்வாடியில் கதை வாசிக்கலாம். பேத்தி கேட்டது முதியோர் இல்லத்தை. அங்கே இருக்கிற கிழவிகளுக்குத் தலை சீவி, நகம் வெட்டி, பேச்சுத்துணைக்கு இருக்கிற வேலை. நான் கை முறிந்து கிடந்தபோது எனக்குத் தலை சீவியது அவள்தான். சிக்கெடுத்தால் வலிக்கவே வலிக்காது. கணக்குப் பேப்பரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வருகிற பிள்ளை, இதை மட்டும் நிமிர்ந்து நின்று கேட்டாள்.

அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிற என் மகன் குதித்தான்.

"பிள்ளையப் படிக்க அனுப்புனமா, ஊரான் வீட்டுக் கிழவிக்கு நகம் வெட்ட அனுப்புனமா? நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவன் என்ன நெனைப்பான்?"

"நகம் வெட்டத் தெரிஞ்ச பொண்ணுன்னு நெனைப்பான்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு பெரியவர் பள்ளிக்கூட மீட்டிங்குக்கு வந்து சம்மதித்தால்தான் பிள்ளையை அனுப்புவார்கள். அவனுக்குப் பட்டறையில் அவசர வேலை.

"அம்மா, நீ போ. ஆனா வாயத் தொறந்துராத. நீ பேசுனா எல்லாரும் சிரிப்பாங்க, காரியம் கெட்டுரும். மொகத்த உர்ருன்னு வச்சுக்கிட்டு உக்காந்திரு. நமக்கு இஷ்டமில்லன்னு அவங்களாப் புரிஞ்சுக்கிருவாங்க."

எங்கள் பக்கம் அப்படித்தான். கல்யாணப் பேச்சில் பெரியவர் ஒருத்தர் உம்மென்று உட்கார்ந்துவிட்டால், வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

பஸ்ஸில் பேத்தி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பத்தா, எங்க ஸ்கூல்ல ஓட்டெல்லாம் போட மாட்டாங்க. விசயத்தச் சொல்லிட்டு எல்லாரும் பேசாம உக்காந்திருப்பாங்க. வேணாங்கிறவங்க வாயத் தொறந்து சொல்லணும். யாரும் சொல்லலைன்னா சம்மதம்னு அர்த்தம். அப்பா உங்கிட்ட என்ன சொல்லிவிட்டாரு?"

"பேசாதன்னு சொல்லிவிட்டான்."

என்னையே பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். பெரிய டீச்சர் பேத்தி பேரையும் முதியோர் இல்லத்தையும் சொல்லிவிட்டு, "யாருக்காவது தயக்கம் இருந்தா சொல்லுங்க" என்றார். அப்புறம் ஒரு சத்தம் இல்லை. நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

பேசாமல் இருப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். எதிரே இருந்த ஒருத்தர் வயிறு கடமுடவென்று உருண்டது. அதற்கு ஒரு பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பேத்தி துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. பதிலை விழுங்கினேன். கூடவே வந்த இருமலையும் விழுங்கினேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்து யோசித்தார். "அம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

முகத்தை மாற்றாமல், 'இல்லை' என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம்" என்று டீச்சர் பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மீட்டிங் முடிந்ததற்கு அடையாளமாக வட்டம் முழுக்கக் கைகுலுக்கினார்கள். பேத்தி என் கையை விடவே இல்லை.

ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்து இறங்கியதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற நேரம். அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் அம்புட்டுப் பேரும் அங்கேதான்.

"எம்மவன் மனசு யாருக்குத்தா வரும்? நாதியில்லாத கெழவிகளுக்குத் தலை சீவிவிட பெத்த மகளையே அனுப்புறானே!" என்றேன்.

அவர்கள் வாய் பிளந்து நிற்கையில் அவன் பைக் வந்து நின்றது.

"அண்ணே, உங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசுண்ணே!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. இன்னொருத்தி கையெடுத்தே கும்பிட்டாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று அத்தனை பேருக்கும் முன்னால் எப்படிச் சொல்வான்?

நான் பொம்பளைகள் பக்கம் திரும்பினேன்.

"பாருங்கத்தா, வெக்கப்படுறான். சின்னதுலருந்தே இப்படித்தான். நல்லது செஞ்சா வெளிய சொல்ல மாட்டான்."