சிவப்பு நூல் கட்டிய குவளை

என் அக்கா எலுமிச்சம்பழம் வெட்டுவதைப் பார்த்தால், அந்தப் பழத்தோடு அவளுக்கு ஏதோ பழைய பகை என்றுதான் நினைப்பீர்கள். பலகையில் போட்டு உள்ளங்கையால் நசுக்கி உருட்டுவாள். ஒரே போடு, இரண்டு துண்டு. நாங்கள் வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலையில், உலைக்கூடத்தை ஒட்டிய சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் அவளுக்கு அதுதான் வேலை. நாற்பது பேருக்குப் பார்லித் தண்ணீர். நான் உலை முன்னால் நின்று குழலால் கண்ணாடி ஊதுகிறவன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே பிடிவாதம்.

அவளுடைய பார்லித் தண்ணீரைச் சும்மா சொல்லக் கூடாது. முதல் நாளே கழுவி ஊறவைப்பாள். பெரிய அண்டாவில் கஞ்சி மாதிரி கொதித்து, பார்லி விரலில் மசிந்தால்தான் இறக்குவாள். துணியில் வடிகட்டி, உப்பும் சர்க்கரையும் போட்டு, ஆரஞ்சுத் தோலை மேலாகச் சீவிச் சேர்ப்பாள். வெள்ளைச் சதை ஒரு துணுக்கு விழுந்தாலும் கசக்குமாம். ஆறிய பிறகுதான் எலுமிச்சை. சூட்டில் யாராவது பிழியச் சொன்னால், "நீ வந்து ஆக்கேன், நான் போய் கண்ணாடி ஊதறேன்" என்பாள்.

ஒவ்வொருவருக்கும் தனி எனாமல் குவளை. அடையாளத்துக்குக் குவளையின் காதில் ஒரு நூல். என்னுடையது சிவப்பு. பத்து மணிக்குத் தட்டில் குவளைகள் வரும். குடித்துவிட்டு அதே தட்டில் வைக்க வேண்டும். கழுவும்போது அவள் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். மிச்சம் வைத்தவன் தொலைந்தான்.

ஒருநாள் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னாள்.

"பாலிஷ் போடறவர் செத்தாரே, அதுக்கு மூணு நாள் முன்னாடி அவர் குவளை நெறஞ்சபடி திரும்பி வந்துச்சுடா. கேட்டா, குடிச்சேன்னு சத்தியம் பண்றார்."

"பொய் சொல்லிருப்பார்."

"பேக்கிங்ல இருந்த அந்தப் பொண்ணுக்கும் அப்படித்தான். ருசி வரைக்கும் சொன்னா. குவளை தளும்புது. அஞ்சாம் நாள் அவ மேல பஸ் ஏறிருச்சு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றேன். அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் பக்கத்தில் ஊதுகிற நெட்டையனிடம், "நாளைக்கு நான் குடிச்சிட்டு வச்சதும் உன் பங்கை என் குவளைல ஊத்திடு. அவ மூஞ்சியப் பாக்கணும்" என்றேன். அவனும் பல்லை இளித்தான். விளையாட்டு வினையாகும் என்று ஊரே சொல்கிறது. எங்கள் மண்டையில் ஏறினால்தானே.

மறுநாள் குடித்தேன். ஒரு சொட்டு விடவில்லை. தட்டில் வைத்துவிட்டு, பார்த்தால் சிரித்துவிடுவேன் என்று நெட்டையன் பக்கமே திரும்பாமல் உலைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அக்கா ஆள் அனுப்பினாள்.

சமையலறையில் என் குவளையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். விளிம்பு வரை நிறைந்திருந்தது. நெட்டையன் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"குடிச்சியாடா?"

"குடிச்சேன்கா. எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்."

"என் மேல ஆணையா?"

"உன் மேல ஆணையா."

அது பொய்யில்லையே! திட்டுவாள், அழுவாள், அப்போது உடைத்துச் சொல்லிச் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. குவளையை வாயில் வைத்து, மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தாள். பிறகு அதன் காதிலிருந்த சிவப்பு நூலை அவிழ்த்துத் தன் மணிக்கட்டில் சுற்றிப் பல்லால் முடிச்சை இறுக்கினாள்.

"இது இனிமே என்னுது. நீ போய் வேலையப் பாரு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு உலைக்குப் போனேன். சாயங்காலம் சொல்லலாம் என்றால், அவள் என் சட்டைகளையெல்லாம் எடுத்துப் போட்டுப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் துடைப்பக்கட்டையால் அடிப்பாள் என்று பயம். சத்தியமாக அந்த அல்பப் பயம்தான். மறுநாளும் பட்டன் தைத்தாள். அதற்கு மறுநாள் தைப்பதற்குச் சட்டை இல்லை. என் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் காலை, குழலை வாயில் வைக்கப் போன நேரம், "அக்கா விழுந்துட்டாங்க" என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். குழலைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்படியில் கிடந்தாள். அண்டாவில் பார்லி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்து, "வந்துட்டியா, அப்பாடா" என்றாள். அவ்வளவுதான். அந்த நேரத்தில் உலைக்கூடத்தில் இடி விழுந்த மாதிரி சத்தம். கண்ணாடி உருகும் தொட்டி வெடித்து, நான் நிற்கும் இடம் முழுவதும் நெருப்பாக ஓடியிருந்தது. நெட்டையன் நிற்பது மேடான பக்கம், தப்பினான். நான் நின்றிருந்தால் பொறுக்க எலும்பு மிஞ்சியிருக்காது.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். பயத்தில் நிற்குமா என்று கேட்டேன், நிற்கலாம் என்றார். தொட்டி வெடித்ததை நான் தற்செயல் என்று ஒதுக்கினேன். அக்காவைக் கொன்றது என் விளையாட்டு. பத்தொன்பது வருஷம் இதை ஒருவரிடமும் சொல்லாமல் விழுங்கினேன். நெட்டையனும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

போன மாதம், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், அவன் என் வீட்டுக்கு வந்தான். இரண்டு பேருக்கும் தலை நரைத்து, பல் ஆடுகிற வயது. அக்கா பக்குவத்தில் பார்லித் தண்ணீர் போட்டு, ஆறவைத்து, எலுமிச்சை பிழிந்து இரண்டு டம்ளரில் கொண்டுவந்து வைத்தேன். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்கக்கா கைருசிடா" என்றான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு உடைந்துவிட்டது.

"நீயும் நானும் சேர்ந்துதானடா அவளக் கொன்னோம்!"

"நான் என்னடா பண்ணேன்?"

"என் குவளைல நீதானே ஊத்தின?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "நான் ஊத்தலையே. அன்னிக்கு எனக்குக் கை சுட்டுப்போச்சு. தட்டு வரதுக்கு முன்னாடியே கட்டுப்போட முன்கட்டு ஆபீசுக்குப் போயிட்டேன். உங்கக்கா குடிச்சான்னு கேள்விப்பட்டப்போ, நீயே யார்கிட்டயாவது வாங்கி ஊத்திருப்பேன்னு நெனச்சேன். உன்கிட்ட கேக்க மனசு வரல."

"நான் ஊத்தலடா."

"அப்ப யாருடா ஊத்தினா?"

பத்தொன்பது வருஷமாக, முட்டாள்தனத்தால் கொன்றேன் என்று அழுதிருக்கிறேன். அந்த அழுகை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது! அவள் பயந்து சாகவில்லை. தெரிந்தே என் பங்கை எடுத்துக் குடித்தாள். இரண்டு நாள் பட்டன் தைத்தாள், மூன்றாம் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பேரும் டம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தோம். குடித்து முடித்ததும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தோம். இரண்டும் காலி. நெட்டையன் பெருமூச்சு விட்டான்.

எனக்கு நிம்மதி வரவில்லை. இன்றைக்குக் காலி, சரி. என்றைக்காவது நிறைந்தபடி இருந்தால், எடுத்துக் குடிக்க எனக்கு இன்னொரு அக்காவா இருக்கிறாள்?