தண்ணீர் கேட்டுப் பார்த்த பள்ளிக்கூடம்

எனக்கு எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அதுவும் பருத்தி எடுக்கிற மாசம் எல்லாம் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக் கோணலாக இருக்கும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். பல சங்கதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். என் மூத்த மகளை வீட்டில் பெரியவ என்போம். அவள்தான், "அந்தப் பள்ளிக்கூடம் பாக்கப் போன கதையை எழுதும்மா, நீ சொன்னா நல்லாயிருக்கு" என்று தாளையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போனாள்.

எண்பதுகளில் நடந்தது. எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு சரி. அதுக்கு மேலே படிக்க பஸ்ஸேறிப் போகணும். அந்த பஸ்ஸு வந்தால் வந்தது, வராட்டால் இல்லை. அதனால் எட்டாவது முடித்த பொம்பளைப் பிள்ளைகள் நேரே காட்டு வேலைக்குத்தான் வரும். பெரியவ எட்டாவது முடித்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பிள்ளைகளின் அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்தது. வீட்டுக்காரரை நான் அவர்கள் என்றுதான் சொல்வேன். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவர்கள் என்னிடம் சொன்னார்கள்:

"ஏ புள்ள, மில்லுக்குப் பக்கத்துல, டவுனு முடியுற இடத்துல ஒரு கவருமெண்டு ஹைஸ்கூலு இருக்கு. நீ போய்ப் பாரு. தேறும்னா குடும்பத்தோட அங்கிட்டுப் போயிருவோம். தேறாதுன்னா நான் மட்டும் போய்ட்டு வாரேன். பெரியவ படிச்சது போதும்."

வாத்தியார் எதிரே வந்தால் சந்துக்குள் ஒதுங்குகிற ஆள் நான். நான் போய் ஹைஸ்கூலைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க? "நீங்களே பாத்துட்டு வாங்களேன்" என்றேன். "சேந்த புதுசுல லீவு குடுப்பானா? பொம்பளப் பிள்ளை சங்கதி, நீ பாக்குறதுதான் சரி" என்று கையைக் கழுவ எழுந்துவிட்டார்கள்.

பெரியவ அடுப்படியில் நின்று எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் முழிக்கிறதுக்கு முன்னாடியே என் நல்ல சேலையை எடுத்து, செம்பில் நெருப்பைப் போட்டுத் தேய்த்து மடித்து வைத்திருந்தாள். அந்தச் சேலையைப் பார்த்ததும் எனக்குப் போகாமல் இருக்க முடியவில்லை.

துணைக்கு என் நாத்துனாளைக் கூட்டிக்கொண்டேன். அவர்களுக்குத் தங்கச்சி, எங்கள் ஊரிலேயேதான் வாக்கப்பட்டிருந்தாள். எனக்கு வாயில்லை, அவளுக்கு எனக்கும் சேர்த்து இருந்தது. பஸ்ஸில் போகும்போதே, "மதினி, ஒண்ணும் பயப்படாத. பொண்ணு குடுக்குற வீட்டைப் பாக்குற மாதிரி பாத்துருவோம்" என்றாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கொடுக்கிறதுக்கு முன்னால் பொம்பளைகள் ரெண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போவோம். வேற சோலியாக வந்த மாதிரி வாசலில் நின்று, "தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி தாங்க" என்போம். யார் கொண்டு வருகிறார்கள், செம்பு விளக்கியிருக்கா, நிறைய மொண்டு வருகிறார்களா, குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நிற்கிறார்களா என்று பார்ப்போம். தண்ணிக்கு அல்லாடுகிற ஊர்க்காரர்களுக்கு அதிலேயே அந்த வீடு தெரிந்துபோகும்.

பள்ளிக்கூடம் பாலவனத்தம் போகிற ரோட்டுப் பக்கம் இருந்தது. ஓட்டுக் கட்டடம். ஒரு வகுப்பு வேப்பமரத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தது. "பெஞ்சு கூட இல்ல பாரு" என்றாள் நாத்துனா. வெளியே வந்த ஒரு ரெட்டைச் சடைப் பிள்ளையை நிறுத்தி, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "தாயி, தொண்டை காயுது. கொஞ்சம் தண்ணி தாம்மா" என்றாள்.

அந்தப் பிள்ளை மூலையில் இருந்த சிமெண்டுத் தொட்டிப் பக்கம் கையைக் காட்டி, "அங்க கெடக்கு, போய்க் குடிங்க" என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டது.

நாத்துனாளுக்கு மூக்கு விடைத்துவிட்டது. "பாத்தியா மதினி! தாகம்னு வந்தவகளுக்குக் கையைக் காட்டுது. இந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்க முடியாது. நட, போவோம்."

எனக்கும் மனசு விட்டுப்போச்சு. தேய்த்து வைத்த சேலைதான் கண்ணுக்குள் வந்தது. "வந்ததுதான் வந்தோம், பிள்ளைக ஒதுங்குற இடத்தையும் பாத்துட்டுப் போவோம்" என்றேன். பெரியவ வயசுக்கு வந்திருந்தாள்; எனக்கு அந்தக் கவலை வேற. "இரு, எனக்கு அவசரம்னு சொல்லிட்டுப் போய்ப் பாக்குறேன்" என்று நாத்துனா, யாரும் கேட்காமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள், "கதவு இருக்கு. உள்பக்கம் தாழ்ப்பாளும் இருக்கு. போட்டுப் பாத்தேன், நல்லா விழுகுது" என்றாள். அதைச் சொல்லும்போது கொஞ்சம் கோபம் தணிந்திருந்தது.

அப்போது மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாம் தொட்டிக்கு ஓடி வந்தார்கள். குழாயில் சங்கிலி போட்டு ஒரு டம்ளர் கட்டியிருந்தது. ஒரு பிள்ளை பிடித்துக் குடித்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் கொடுத்தது, அது அடுத்ததிடம். யாரும் யாருக்கும் ஊற்றவில்லை. சிந்தின தண்ணி சின்ன வாய்க்காலில் ஓடி ஒரு முருங்கைக்குப் போனது. கடைசியில் குடித்த பிள்ளை குழாயை இறுக மூடிவிட்டுப் போனது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பானை பக்கத்தில் ஒரு பிள்ளை நின்று ஊற்றிவிடணும். யாருக்குச் செம்பில் கொடுக்கிறது, யாருக்குக் கையில் ஊற்றுகிறது என்று ஒரு முறை உண்டு. அதை இங்கே விளக்க வேண்டாம், எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பெரியவ அங்கே ஊற்றுகிற பிள்ளையாக இருந்தாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "என்னால ஊத்த முடியாதும்மா, அதுக குனிஞ்சு நிக்கிறதப் பாத்தா ஒருமாதிரி இருக்கு" என்று அழுதாள். அந்தத் தொட்டியைப் பார்த்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ரெட்டைச் சடை எங்களை மதிக்காமல் கையைக் காட்டவில்லை. தண்ணியை ஒருத்தர் ஊற்றித் தரணும் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

அதற்குள் கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் எங்களைப் பார்த்து வந்தார்கள். "யாரைப் பாக்கணும்?"

"சும்மா, பஸ்ஸுக்கு நிக்கிறோம்" என்றாள் நாத்துனா.

"இங்க பஸ்ஸு நிக்காதே" என்று டீச்சர் சிரித்தார்கள். அவர்கள்தான் பெரிய டீச்சராம். தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் என்று பின்னால் தெரிந்தது.

நாத்துனா என் விலாவில் இடித்தாள். எப்படியோ வாய் திறந்தேன். "என் மகளை ஒம்பதாவதுல சேக்கணும். பாக்க வந்தோம்."

"பாருங்க, நல்லாப் பாருங்க. நானே குறையைச் சொல்லிருதேன். ஒம்பதாவதுக்கு பெஞ்சு கெடையாது. கணக்கு டீச்சர் மாறிப் போயிட்டாவ, புது ஆள் வார வரைக்கும் நாந்தான் எடுக்கேன். வேற என்ன கேக்கணும்?"

கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்திருக்கும். என் வாயில் வந்தது இதுதான்: "அந்தத் தண்ணிய யாரு வேணும்னாலும் பிடிச்சுக் குடிக்கலாமா?"

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "வேற எப்படிம்மா குடிக்க?" என்றார்கள்.

சாயங்காலம் வீட்டில் நாத்துனாதான் முந்திக்கொண்டாள். "அண்ணே, பெஞ்சு இல்ல, கணக்குக்கு ஆளு இல்ல. தண்ணி கேட்டா கையைக் காட்டுறாளுக. அதுலயும் ஊருப்பட்ட பிள்ளைகளுக்கும் ஒரே டம்ளரு!"

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். "நீ என்ன சொல்ற?"

எதைக் கேட்டாலும் 'நீங்க பாத்துச் செய்ங்க' என்றுதான் சொல்வேன். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் பெரியவளின் வளையல் சத்தம் கேட்டது. "அவ சொன்னதெல்லாம் நிசந்தான். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கு. பெரிய டீச்சர் குறையை மறைக்கல. எல்லாப் பிள்ளையும் ஒரே டம்ளர்ல குடிக்குது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுச்சு. பெரியவ அங்க படிக்கட்டும்" என்றேன்.

ஒரே டம்ளர் என்றதுக்கு என்ன சொல்வார்களோ என்று அவர்கள் முகத்தையே பார்த்தேன். அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "மில்லுலயும் ஒரே டம்ளருதான். சொன்னா வைவீகன்னு சொல்லல" என்றார்கள்.

நாத்துனா வாயைப் பொத்தினாள். "அடப்பாவி அண்ணே! இத்தன நாளும் வாயைக் கொப்பளிக்காமலா எங்க வீட்டுக்குள்ள வந்த?" எல்லோரும் சிரித்துவிட்டோம். கதவுக்குப் பின்னால் இருந்த வளையல்தான் முதலில் சிரித்தது.

ஆனியில் ஒரு டிராக்டரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனோம். பெரியவ அங்கே தரையில் உட்கார்ந்துதான் ஒன்பதாவது படித்தாள். முதல் வாரமே வந்து, "அம்மா, நீ பாத்த தொட்டியில பாதி நாள் தண்ணியே வரலை" என்றாள். "வார அன்னைக்கு எல்லாரும் குடிக்கிறீகள்ல?" என்று கேட்டேன். "அது குடிக்கிறோம்" என்றாள். பின்னால் ஒரு வருஷம் நாத்துனாளும் தன் மகளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டாள். விட்டுப் போகும்போது, "மதினி, தொட்டியக் கழுவுறாகளான்னு மட்டும் பாத்துக்க" என்றாள்.

தொட்டி கிழக்கு மூலையா மேற்கு மூலையா என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. வாய்க்கால் போனது முருங்கைக்கா, வாதாமரத்துக்கா என்றும் சந்தேகமாக இருக்கிறது. பெரியவளோ, அங்கே படித்த வேறு யாராவதோ இதைப் படித்தால், சரிபார்த்துத் திருத்தி எழுதிவிடுங்கள். ஒரே டம்ளர் என்பதை மட்டும் திருத்த வேண்டாம். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது.