பாதிக்கு மறுப்பில்லை

என் கணவர் தென்காசியில் கணக்கு வாத்தியார். அறுபதுகளின் தொடக்கத்தில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், அவர் சொந்தமாக ஒரு பாஷை கட்டிக்கொண்டிருந்தார். தர்க்கம் பிசகாத பாஷை. ஒவ்வொரு வாக்கியமும் தான் எவ்வளவு நிஜம் என்பதைத் தன் வாலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஓடு மாற்றித் தருகிறேன் என்று சொல்லியே வாடகை வீட்டின் சொந்தக்காரர் மழைக்காலங்களை ஓட்டியதில் பிறந்த ஆசை அது என்று நினைக்கிறேன்.

முழுக்க உண்மையென்றால் வாக்கியத்தின் கடைசியில் 'கா'. பெரும்பாலும் உண்மையென்றால் 'கி'. பாதிக்குப் பாதி 'கு'. கொஞ்சம்தான் என்றால் 'கே'. அறவே இல்லையென்றால் 'கோ'. வாலுக்கு முன்னால் 'நெ' சேர்த்தால் மறுப்பு. கா கோவாகிவிடும், கி கேயாகிவிடும்.

"அப்போ கு-வுக்கு நெ போட்டா?" என்று ஒருநாள் கேட்டேன். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தோம்.

"கு-வேதான். பாதியத் திருப்பிப் போட்டாலும் பாதிதான்ட்டி."

நானாகவே அந்தக் கேள்விக்கு வந்துவிட்டேன் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸிலும் அந்தப் பாஷையிலேயே பேசினோம். முன்சீட்டு ஆச்சி திரும்பிப் பார்த்து, "மலையாளமா?" என்று கேட்டாள்.

அடுத்த வருஷம் அவருக்கு முகம் ஊத ஆரம்பித்தது. பிறகு கால். பாளையங்கோட்டையில் பெரிய டாக்டரிடம் போனோம். டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்றார். "இதுக்கு மருந்து கிடையாதும்மா. சாப்பாட்டில உப்பு சேர்க்காதீங்க." ரயிலில் திரும்பும்போது இவர் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் உப்பில்லாத கஞ்சியை முன்னால் வைத்தபோதுதான் கேட்டார்.

"எனக்குச் சரியாயிருமா?"

"ஆயிரும்ங்க. டாக்டரே சொல்லுதாரு."

"தமிழ்ல வேண்டாம். நம்ம பாஷையில சொல்லு."

தமிழில் என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். அந்தப் பாஷையில் வால் இல்லாமல் வாக்கியம் முடியாது. 'கா' என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. 'கோ' என்று எந்தப் பெண்டாட்டி சொல்லுவாள்? அவர் கஞ்சியைத் தொடாமல் காத்திருந்தார்.

கடைசியில் வாக்கியத்தைச் சொல்லி, 'கு' என்று முடித்தேன்.

"மறுத்துச் சொல்லு."

"நெ கு."

"ரெண்டும் ஒண்ணுதான், என்ன?" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது. கஞ்சியை மெதுவாகக் குடித்து முடித்தார். பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சாரல் காலத்தில் படுத்த படுக்கையானார். நினைவு தப்பித் தப்பி வந்தது. தமிழ் போய்விட்டது, அந்தப் பாஷையில் மட்டும் ஏதேதோ பேசினார். வார்த்தைகளை விழுங்கி விழுங்கிப் பேசியதால் எனக்கே பாதிக்கு மேல் பிடிபடவில்லை. போவதற்கு முந்தின நாள் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அதில் என் பெயர் இருந்தது. முடிவில் 'கா' இருந்தது. நடுவில் இருந்த வார்த்தை நான் கேட்டறியாதது. புதிதாகக் கட்டியதோ என்னவோ.

"என்னங்க, அது என்னது?" என்று காதருகே குனிந்து கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

கால்மாட்டில் நின்றிருந்த மாமனார், "என்னம்மா சொல்லுதான்? தண்ணி கேக்குதானா?" என்றார்.

"தெரியல மாமா."

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செம்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.