டிரஷரி நாள்

ஜில்லா போர்டு பள்ளியில் வாத்தியாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த என் அப்பாவை, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மேனேஜர் மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டார். ஒரே வாத்தியார் உள்ள பள்ளிக்கூடம்; காலியாக இருந்தது அந்த ஒரே ஒரு இடம். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு அந்த இடத்துக்காகத்தான் நான் வீட்டில் காத்துக் கிடந்தேன்.

“பொம்பளப்பிள்ள நாளைக்கே கல்யாணம் ஆகிப் போயிரும். நான் மறுபடி ஆள் தேடி அலையணும். அண்ணாச்சின்னா எங்கயும் போவ மாட்டிய” என்றார் மேனேஜர். மழை பெய்துவிட்டால் இந்தக் கரிசலுக்குள் பஸ் வராது. வெளியூர் வாத்தியார் எவரும் நிலைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நான் உள்ளூர்க்காரி. அப்பா எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவரோ, “திங்கக்கிழமையே வந்துருதேன்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாரம் முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாதத்தில் ஒரு நாள் அவர் பென்ஷன் வாங்கக் கோவில்பட்டி டிரஷரிக்குப் போக வேண்டும். ஆள் உயிரோடிருப்பதை நேரில் காட்டினால்தான் கிடைக்கும். அன்றைக்கு மட்டும் என்னை வகுப்பில் விட்டுவிட்டுப் போவார். மேனேஜரும் கண்டும் காணாமல் இருந்தார். அந்த நாளுக்கென்றே ஒரு சேலையைத் துவைத்து மடித்து வைத்திருப்பேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன். பிள்ளைகள் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஒரு டிரஷரி நாளில் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார்.

“உங்க சார் எங்க?”

“பென்ஷன் வாங்கப் போயிருக்காவ” என்று வகுப்பே சேர்ந்து கத்தியது.

நான் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன். இன்ஸ்பெக்டர் முழுதும் கேட்டுவிட்டு மேனேஜரை வரவழைத்தார். “இந்தம்மா நல்லாத்தான் நடத்துதாங்க. இவங்களப் போடுங்க, இல்ல அவரையே வச்சுக்கிடுங்க. இப்படி ஆள் மாத்தி ஆள் நிக்கக் கூடாது” என்றார்.

சாயங்காலம் மேனேஜர் முடிவை அப்பாவிடமே விட்டுவிட்டார். இந்தத் தடவை நான் அப்பாவுக்கு எதிரிலேயே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“வீட்ல சும்மா உக்காந்தா நான் செத்துப் போவேன் தாயி. அங்கன போனாத்தான் எனக்கு மூச்சு விட முடியுது.”

சொல்லிவிட்டு அழுதார். பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை, இன்று வரைக்கும்.

அடுத்த மாதம் அவர் டிரஷரிக்குப் போன அன்று பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கே வந்து, “டீச்சர், வாங்க டீச்சர்” என்று கதவைத் தட்டினார்கள்.

“இங்கன டீச்சர் யாரும் இல்ல, போங்க” என்றேன் உள்ளேயிருந்து.