மூன்றாவது ஆட்டத்தில் எரியாத விளக்கு

“வெள்ளி, காலை 11.20. மூன்றாவது ஆட்டக்காரர். விளக்கு எரியவில்லை. ஆனாலும் பதினோரு நொடியில் சரியான கதவு.” அன்றைய தேதியில் என் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது.

என் தங்கை ஒரு சிறிய வீடியோ கேம் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அவர்களுடைய புதிய கேமின் மையக்கூடம் அவள் பொறுப்பு, ‘ஹப்’ என்பார்கள். எல்லாக் கட்டங்களுக்கும் கதவு அங்கேதான். ஒன்றை முடித்தவர் அங்கேயே திரும்பி வர வேண்டும். அடுத்த கதவை ஒரு மஞ்சள் விளக்கு காட்டும். குழுத் தலைவருக்கு இதில் நம்பிக்கையில்லை. புதியவர்கள் வழி தவறவில்லை என்று மதியம் ஒரு மணிக்குள் அறிக்கை வராவிட்டால், கூடத்தை எடுத்துவிட்டு கட்டங்களின் வெறும் பட்டியலை வைத்துவிடுவார். எட்டு மாத உழைப்பு போய்விடும்.

அதனால் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலேயே தெருவாசிகள் மூவரை ஆடவைத்தோம். ஆடும்போது பார்ப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி. நேரம் குறிப்பது என் வேலை. மூவரும் தேறினார்கள். தங்கை அறிக்கையைத் தட்டத் தொடங்கிவிட்டாள். மூன்றாவது முறை விளக்கைப் போட அவள் மறந்திருந்தது எனக்கு உறுத்தியது.

“எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” என்று கிளம்பிய மூன்றாமவரைக் கேட்டேன்.

“நம்ம தாம்பரம் ஸ்டேஷன் பிரிட்ஜ்தானே சார் இது? பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் இறங்கணும்னு எனக்குத் தெரியாதா?”

தங்கையின் விரல்கள் நின்றன. அவளும் எங்கள் தெருவாசிகளும் தினமும் கடக்கும் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தை அப்படியே மையக்கூடமாக வரைந்திருந்தாள். முதல் கதவு இருந்தது பஸ் நிற்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இறங்கும் படிக்கட்டில்.

“மூணையும் அப்படியே அனுப்பிடட்டுமாண்ணா? தலைவர் பெங்களூர்ல இருக்காரு. அவருக்கு இந்த பிரிட்ஜே தெரியாது.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 11.40. வாசலில் ஹாரன் கேட்டது. கோவளத்திலிருந்து வண்டியில் வரும் மீன்காரர். தங்கை அவரிடம் ஓடினாள்.

“அண்ணா, தாம்பரம் ஸ்டேஷன் உள்ள போயிருக்கீங்களா?”

“எனக்கு எதுக்குக்கா ஸ்டேஷன்? அதான் வண்டி கீதே. வஞ்சிரம் வேணுமா, வேணாமா?”

“போன்ல கேம் ஆடுவீங்கல்ல? அஞ்சு நிமிஷம், ப்ளீஸ்.”

“ஐஸ் கரையுதுக்கா. தோத்தா மொத்த மீனையும் நீதான் வாங்கிக்கணும்.”

இம்முறை விளக்கு எரிந்தது. மீன்காரர் கேமில் நேராகப் போனார். சுவர். இடப்பக்கம் திரும்பினார். அங்கும் சுவர்.

“இன்னாக்கா, வழியே வைக்காம வுட்டுட்டியா?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நிமிடம் தாண்டியது. நான் பேனாவை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் நின்றார். நிமிர்ந்து பார்த்தார். “அட, மேல லைட்டு எரியுது பாரு!” இரண்டு நிமிடம் நாற்பது நொடி.

தங்கை உட்கார்ந்து அறிக்கை முழுவதையும் திருத்தி எழுதினாள். முதல் மூன்று சோதனைகள் செல்லாது. நான்காமவர் தாமதமாகத் தேறினார். விளக்கைக் கண்மட்டத்துக்கு இறக்க வேண்டும். 12.52க்கு அனுப்பினாள்.

12.54க்குப் பதில் வந்தது: “ஓகே. ஹப் இருக்கட்டும்.”

அறிக்கை நான்கு பக்கம். செல்லாத சோதனைகளைப் பற்றிய பத்தி கடைசிப் பக்கத்தில் இருந்தது. தலைவர் அதுவரை படித்துவிட்டுத்தான் பதில் போட்டாரா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.