செவ்வரத்தை வைக்காத பொட்டலம்

அம்மனின் பிள்ளைகளே, இதை எழுதுகிறவள் அம்மனையே ஏமாற்றப் பார்த்தவள். என்னைப் பெரிய பக்தை என்று நினைத்துக்கொண்டு வாசிக்க வேண்டாம். செட்டிபாளையத்தில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர், இது பதினோராவது வருடம். விடுமுறைக்கு வருவார்தான். கொண்டுவந்த பெட்டியைத் திறந்து மூடுவதற்குள் விடுமுறை முடிந்துவிடும். வீட்டில் நானும் ஒரே மகள் யதுஷாவும் மட்டும்.

எனக்கு வந்த துன்பத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நோயில்லை, விபத்தில்லை. உயர்தரப் பரீட்சையில் வணிகப் பிரிவில் படித்த மகள் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டாள். ஊரே வந்து வாழ்த்தியது. நான் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். பிள்ளை போகப் போகிறாள் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு வருடங்களுக்கு முந்திய வைகாசி மாதம் அது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் படிப்புகளை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். முதலாவதாக எழுதியதற்குப் புள்ளி போதுமாக இருந்தால் அதையே கொடுத்துவிடுவார்கள், கீழே உள்ளவற்றைப் பார்க்க மாட்டார்கள். யதுஷா பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, நாலைந்து பல்கலைக்கழகங்களை எழுதி வைத்திருந்தாள். எங்கே நிதி முகாமைத்துவத்துக்குத் தனிப் பட்டம் இருக்கிறது, எங்கே கடைசி வருடத்தில் வங்கிகளிலும் நிறுவனங்களிலும் பயிற்சிக்கு விடுகிறார்கள், விடுதி கிடைக்குமா, படித்து முடித்த அக்காமார் இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதியிருந்தாள். முன்பின் தெரியாத அக்காமாருக்கெல்லாம் போன் எடுத்துக் கேட்டிருக்கிறாள். கடைக்குப் போய் ஒரு சாமான் விலை கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை அவள்.

"கொழும்புப் பக்கம் இரிக்கிறதுதான் அம்மா எனக்குச் சரி. இங்க நம்மட பக்கத்திலயும் முகாமைத்துவம் நல்லாத்தான் படிப்பிக்கிறாங்க. ஆனா நான் கேக்கிற நிதிப் படிப்பு அங்கதான் தனியா இரிக்கு."

"அதப் படிச்சு என்ன வேல செய்யப் போறாய் மனே?"

"ஒரு கொம்பனிட அறிக்கையப் பாத்து, அது நல்லா இரிக்கா, உள்ளுக்குள்ள நோய் புடிச்சிருக்கா எண்டு சொல்ற வேல."

"அப்ப டொக்டர் வேல எண்டு சொல்லு."

"ஓம், கொம்பனிக்கு டொக்டர்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குள்ளே இருந்ததை அவளுக்குக் காட்டவில்லை. கணவர் போனில், "புள்ள ஆசப்படுறாள், போகட்டுமே" என்றார். போகிறவர்களுக்கு அது சுலபமான சொல். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அப்படியில்லை.

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் வருடம் முழுவதும் கதவு திறந்திருப்பவள் அல்ல. வைகாசியில்தான் கதவு திறக்கும். சில நாட்கள் சடங்கு நடந்து, அம்மனைக் குளிரவைக்கும் கடைசிச் சடங்கான குளிர்த்தியோடு மறுபடி மூடிவிடும். மற்ற நாட்களில் மூடிய கதவுக்கு முன்னால் விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவோம். அந்தக் கதவுக்கு முன்னால் நின்று நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தாயே, இவளை என்னைவிட்டு அனுப்பிவிடாதே.

கதவு திறந்த மூன்றாம் நாள் மகளிடம் சொன்னேன், பூக் கட்டிப் பார்ப்போம் என்று. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம்; எடுப்பதில் வெள்ளை வந்தால் ஊர்ப்பக்கம், சிவப்பு வந்தால் கொழும்பு. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். எந்தப் பொட்டலத்தில் எந்தப் பூ என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக, பொட்டலம் கட்டுகிறவர் தனியாக இருந்து கட்ட வேண்டும். நானே கட்டினேன். வேலியோரத்து நித்தியகல்யாணியில் வெள்ளைப் பூ இரண்டு பிடுங்கினேன். ஒன்றை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து நாரால் கட்டினேன். மற்றதை இன்னொரு துண்டில் வைத்துக் கட்டினேன். கை நடுங்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கோயிலில் பூசை செய்யும் கப்புகனார் இரண்டு பொட்டலத்தையும் தட்டத்தில் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அம்மனுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை. "அம்மன்ட விருப்பம்" என்றார் கப்புகனார். பாவம், அவருக்கு என்ன தெரியும். மற்றப் பொட்டலத்தை யாரும் கேட்பதற்கு முன் எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நினைத்தது நடந்துவிட்டது. சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. யதுஷா கோபப்படவில்லை, அழவில்லை. கேட்டால் பதில் சொன்னாள். வைத்ததைச் சாப்பிட்டாள். கலண்டர் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள். முன்பெல்லாம் நான் இடியப்பம் பிழியும்போது பக்கத்தில் இருந்து, எந்த வங்கி எந்த வங்கியை வாங்கியது என்று எனக்கு விளங்காத கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தக் கதைகளுக்காக நான் ஏங்கத் தொடங்கினேன். பிள்ளை என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தாள். ஆனால் எனக்குக் கிடைக்கவில்லை. தாயே, இவளுடைய பழைய முகத்தைத் தந்துவிடு, வேறு ஒன்றும் கேட்க மாட்டேன் என்று திறந்த கதவுக்கு முன்னால் நின்று வேண்டினேன். பைக்குள் அந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டே வேண்டினேன். தண்ணீரில் போட்டிருக்கலாம். ஏனோ மனம் வரவில்லை.

குளிர்த்தி நாள் வந்தது. விண்ணப்பம் அனுப்ப இன்னும் மூன்று நாள் இருந்தது. மாலை கோயிலில் ஏடு படித்தார்கள். சின்ன வயதிலிருந்து வருடா வருடம் கேட்கிற கதைதான். அம்மன் அரசனுடைய சபையில் நின்று நீதி கேட்கிற இடம் வந்தது. சிலம்புக்குள்ளே என்ன பரல் இருக்கிறது என்று எல்லாரும் பார்க்க அதை உடைத்துக் காட்டுகிறாள். சனமெல்லாம் கைகூப்பி நின்றது. எனக்குக் கை கூப்ப முடியவில்லை. உடைத்துக் காட்டாமல் ஒன்றைப் பைக்குள் வைத்திருப்பவள் நான் அல்லவா. அம்மன் அன்றைக்கு அந்தக் கதையை எனக்காகவே படிக்க வைத்தாள் என்பது என் நம்பிக்கை. நீங்கள் எப்படியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளின் கையைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்தேன். வேப்பமரத்துக்குக் கீழே நின்று பையைத் திறந்து பொட்டலத்தை அவள் கையில் வைத்தேன்.

"பிரிச்சுப் பாரு மனே."

இலை காய்ந்து சுருண்டிருந்தது. அவள் மெதுவாகப் பிரித்தாள். உள்ளே வாடிப்போன வெள்ளைப் பூ. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கத்துவாள், தள்ளிவிட்டுப் போவாள் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும் அம்மா" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அண்டைக்கு விடிய நம்மட செவ்வரத்தையில ஆறு பூ இரிந்தது. கோயிலால வரக்குள்ளயும் ஆறும் அப்படியே இரிந்தது. வேற எங்க போய்ச் சிவப்புப் பூ புடுங்கினீங்க?"

"தெரிஞ்சும் ஏன் புள்ள பேசாம இரிந்தாய்?" என்று கேட்டேன்.

"நீங்க கேட்டது அம்மனிட்ட இல்ல அம்மா, என்னட்ட. அதுதான் இங்கயே இரிப்பம் எண்டு நினைச்சன்."

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ காலைகளில் பாலர் பாடசாலை வாசலில் அழுகிற பிள்ளையை என் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன், திரும்பிப் பார்க்காமப் போங்க, நான் பாத்துக்கொள்றன் என்று. அவ்வளவு தைரியமாகப் பேசின வாய் இது. பிறகு, இப்பவே போய் ஒழுங்காக இரண்டு பூவும் வைத்துக் கேட்போம், கதவு மூட இன்னும் நேரம் இருக்கிறது என்றேன்.

"வேணாம் அம்மா. பூக் கேக்கத் தேவல்ல. நீங்க சொல்லுங்க."

உள்ளே குளிர்த்திப் பாட்டுத் தொடங்கிவிட்டது. அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போ மனே" என்றேன். "நீ விரும்பினதப் போய்ப் படி."

அவள் அழுதாள். அத்தனை நாளும் அழாதவள் என் தோளில் விழுந்து அழுதாள். வீட்டுக்குப் போகும் வழி முழுக்கக் கதை. எந்த வருடம் என்ன பாடம், விடுதியில் என்ன சமைக்கலாம், என்ன பயிற்சி, எல்லாம். நான் வேண்டிக்கொண்ட முகம் எனக்குக் கிடைத்துவிட்டது. கேட்ட வழியில் அல்ல, என் வாயாலேயே ஒரு சொல்லைச் சொல்ல வைத்து அம்மன் அதைத் தந்தாள்.

அடுத்த நாள் விடிய எங்கள் செவ்வரத்தை மரத்தில் பூத்திருந்த அத்தனை பூவையும் பிடுங்கிக்கொண்டு போனேன். கதவு மூடியிருந்தது. மூடிய கதவுக்கு முன்னால் வைத்து, தாயே, வைக்க வேண்டிய நேரத்தில் வைக்காததை இப்போது வைக்கிறேன் என்று மன்னிப்புக் கேட்டேன். பிறகு இருவருமாகக் கலண்டர் தாளை விரித்து வைத்து விண்ணப்பத்தைப் போனில் நிரப்பினோம். அவள் விரும்பியது முதலாவது. ஊர்ப்பக்கம் இரண்டாவது. அனுப்பும்போது, "நீங்களே அமத்துங்க அம்மா" என்று போனை என்னிடம் தந்தாள். நான்தான் அந்தப் பொத்தானை அமத்தினேன்.

பல மாதம் காத்திருந்தோம். எந்தப் படிப்புக்கு எவ்வளவு புள்ளி வேண்டும் என்ற வெட்டுப்புள்ளி வந்தபோது அவளுக்கு முதலாவது விருப்பமே கிடைத்தது. கொழும்பு பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்ட அன்று திரும்பிப் பார்க்காமல் போக என்னால் முடியவில்லை. பஸ் வளைவில் மறையும் வரைக்கும் நின்றேன். இப்போது முதலாம் வருடம் படிக்கிறாள். ஏக்கம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இடியப்பம் பிழியும்போது பக்கத்து இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் பார்த்து அவளுடைய அழைப்பு வந்துவிடும். போனைத் தேங்காய் திருவும் பலகையில் சாய்த்து வைத்துவிட்டு, எந்தக் கொம்பனிக்கு என்ன நோய் என்று கேட்டுக்கொண்டே பிழிவேன். கொஞ்சம் கொஞ்சமாக விளங்கவும் தொடங்கியிருக்கிறது.

அம்மனிடம் கேட்கப் பயப்படாதீர்கள். அவள் மூடிய கதவுக்கு உள்ளேயிருந்தும் கேட்கிறவள். நமக்குப் பிடிக்காத பதிலைக்கூட நாம் தாங்கக்கூடிய விதத்தில் தருகிறவள். ஒன்றை மட்டும் இந்தத் தாய் சொல்வதற்காகச் செய்யுங்கள். கேட்கப் போகும்போது இரண்டு பூவையும் வையுங்கள்.