இரண்டாம் வலை

பள்ளிக்கூடத்தில் நான் இரண்டு வகுப்புதான். ஆனால் ஒகேனக்கல்லுக்குக் கீழே காவிரியில் எந்தப் பாறைக்குப் பின்னால் எப்போது மீன் நிற்கும் என்று என்னைக் கேட்டுத்தான் மற்றவர்கள் பரிசலைத் தூக்கினார்கள். இருபத்தைந்து வயதில் சொந்தப் பரிசல், சொந்த வலை, இரண்டும் என் கையால் செய்தவை. வலை பின்ன மட்டும் ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் ஆயிற்று. அப்படி ஒரு வலை அந்தக் கரையில் வேறு எவனிடமும் கிடையாது.

மேட்டூரில் அணை கட்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அணை நிறைந்தால் தேங்கிய தண்ணீர் எங்கள் பக்கம் வரை ஏறி நிற்கும். ஆறு ஓடுவதே தெரியாது. அந்த நிற்கும் நீரில் வலை விட இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் நடுப்பாறையில் கயிற்றின் நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உட்காருவான். மற்றவன் பரிசலில் வலையை விட்டபடி அரைவட்டம் போய்ப் பாறைக்கே திரும்புவான்.

அந்த ஆவணியில் பாறையில் உட்கார்ந்தவர் என் மனைவியின் அண்ணன். மேட்டுநிலத்துக் கொல்லையில் கேழ்வரகு போடுகிறவர், நீந்தத் தெரியாது. மழை பொய்த்துவிட்டதால் என்னோடு வந்தார்.

அன்று மதியம் வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மீனெல்லாம் ஆழத்தை விட்டுப் பாறை ஓரத்தில் வந்து ஒண்டியிருந்தன. வெயில் நாளில் இப்படி ஒண்டினால் மைசூர்ப் பக்கம் பெய்த மழை வெள்ளமாக வருகிறது என்று அர்த்தம். அப்போது ஒரு வலை போடலாம், அள்ளிக்கொண்டு கரையேறிவிட வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இது கட்டுப்பாடு. எனக்கும் தெரியும். மற்றவன் ஒரு வலை போடும் நேரத்தில் நான் இரண்டு போடுவேன் என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் வலையில் கெண்டையும் வாளையுமாகப் பரிசல் தாழ்ந்தது. இரண்டாவதற்கு நான் கயிற்றை நீட்டியபோது அவர் வாங்கத் தயங்கினார். மூக்கை உறிஞ்சினார்.

“மண்ணு வாசன வருதுங்க, மாப்ள.”

“உங்க கொல்லைல பேயாத மழ இங்க வந்து பேயுதாக்கும்?” என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டார்.

அரைவட்டத்தின் கடைசியில் இருந்தபோது தண்ணீரில் மூங்கில் சருகும் நுரையும் வந்தன. பிறகு ஆற்றின் மேல்பக்கம், சரளையில் பாரவண்டி உருளுவது போல ஒரு சத்தம். துடுப்பை எவ்வளவு வலித்தும் பரிசல் சுற்றிக்கொண்டே இருந்தது. பாறையை நான் தொட்டபோது தண்ணீர் அவர் இடுப்பில் இருந்தது. வலை வெள்ளத்தில் உப்பி, கயிறு கம்பி போல விறைத்து, அவர் மணிக்கட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. சுற்று இறுகிவிட்டது. கத்தி என் இடுப்பில்.

“அறுத்துடுங்க, மாப்ள.”

நான் வலையைத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே நிறைய மீன் மினுங்கியது. “கொஞ்சம் பொறுங்க மச்சான், ரெண்டு பேருமா இழுத்துடலாம்” என்று என் பக்கத்துக் கயிற்றைப் பற்றி இழுத்தேன். ஒரு முழம்கூட வரவில்லை. திரும்பியபோது தண்ணீர் அவர் மார்புக்கு வந்திருந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார்.

அறுத்தேன். கயிற்றோடு தோலும் போனது. வலை போன திசையைக்கூடப் பார்க்க முடியவில்லை. அவரைப் பரிசலுக்குள் இழுத்துப் போட்டு, பிடித்த மீனையெல்லாம் ஆற்றில் தள்ளி, வெகுதூரம் கீழே கரை சேர்ந்தேன். அந்த வெள்ளத்தில் வேறு எவனாலும் கரை சேர்த்திருக்க முடியாது. அதை இன்றும் சொல்வேன். அன்று அவரிடமும் சொன்னேன்.

துண்டை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே அவர் சொன்னார்: “இல்லன்னு சொல்லல, மாப்ள. வலையப் பாத்துட்டு அப்பறம்தான என்னையப் பாத்தீங்க.”

துண்டின் நுனியை வாங்கி நான் முடிச்சுப் போட்டேன். 

அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. அடுத்த சித்திரையில் அவர் கொல்லையில் ஏர் பிடித்தவன் நான்தான். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் ஓட்டும் உழவுச் சால் கோணினால் வாய்க்கு வந்தபடி திட்டுவார். என் சால் கோணினால் ஒன்றும் சொல்லமாட்டார்.